கீழக்கரைத் தொதலின் வழித்தடம்

புதன், ராமநாதபுரம்

தொதல் என்னும் இனிப்பைத் தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களில் பலர் பெயரளவில்கூட அறிந்திருப்பதில்லை. ராமநாதபுரத்தில் அதைக் கேட்டால், "கீழக்கரைத் தொதலா?" என்று பக்கத்துக் கடலோர ஊரின் பெயரைச் சேர்த்தே கடைக்காரர் திருப்பிக் கேட்கிறார். பச்சரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி ஆகிய மூன்றையும் மணிக்கணக்கில் கிண்டி, ஆறவைத்து, துண்டு போட்டு எடுக்கும் கருநிறப் பண்டம் அது. வாயில் வைத்தவுடன் கரைந்து தொண்டைக்குள் இறங்கிவிடாது. பல்லில் சற்று இழுபட்டு, முதலில் தேங்காயின் மணத்தையும் பிறகு கருப்பட்டியின் புகைமணத்தையும் தந்து, கடைசியில் மெல்லிய உவர்ப்பொன்றை நாவில் விட்டுச் செல்லும்.

இந்தப் பண்டம் எந்த வழியாக வந்தது, எதனால் இந்தக் கரையில் இப்படிக் கறுத்து இப்படி மணக்கிறது என்பதை அது உருவாகும் இடங்களிலேயே நின்று பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு. ஆகவே கிண்டும் அடுப்பில் தொடங்கி, பழைய துறைமுகங்களைக் கடந்து, கருப்பட்டி காய்ச்சும் பனங்காட்டுக்கும், முடிவில் இலங்கையை நோக்கி நீளும் மணல்முனைக்கும் போவதாகத் திட்டமிட்டிருக்கிறேன். அன்றன்று கண்டதை அன்றிரவே எழுதிப் பதிவிடுகிறேன்.

இன்று மாலை கடையில் இரண்டு தட்டுகளைக் காட்டினார்கள். ஒன்று கருப்பட்டியில் செய்தது. மற்றொன்று சீனியில் செய்த, வெளிர் பழுப்பு நிறம் கொண்டது. இரண்டாவதன் விலை குறைவு. "ரெண்டும் தொதல்தான் அக்கா, ஆனா பழகுனவங்க கறுப்பைத்தான் கேப்பாங்க" என்றார் தட்டை எடுத்து வைத்த பையன். இரண்டிலும் கால் கிலோ வாங்கிக்கொண்டேன். சீனித் தொதல் இனிப்பாக இருந்தது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

வியாழன், கீழக்கரை

விடிவதற்கு முன்பே கீழக்கரைக்கு வந்துவிட்டேன். என் தோழியின் உறவினரான ராத்தா (இங்கே அக்காவை அப்படித்தான் அழைக்கிறார்கள்) ஒருவர் பெருநாளுக்கும் கல்யாணங்களுக்கும் தொதல் கிண்டிக் கொடுப்பவர். இன்று சிங்கப்பூருக்குப் போகும் ஒரு குடும்பத்துக்காகக் கிண்டுகிறார் என்று தெரிந்து, பார்க்க அனுமதி கேட்டிருந்தேன். சுபுஹு தொழுகை முடிந்ததும் வீட்டின் பின்கட்டில் விறகடுப்பு மூட்டப்பட்டது. ராத்தாவுடன் அவருடைய மாமியும், பக்கத்து வீட்டுப் பெண் ஒருவரும் இருந்தார்கள். மூன்று பேர் இல்லாமல் தொதலுக்கு அடுப்பு மூட்டுவதில்லையாம். காரணம் அடுத்த ஐந்து மணி நேரத்தில் எனக்கே விளங்கியது.

அந்த வீட்டு அளவின்படி ஒரு கிலோ பச்சரிசி மாவுக்கு இரண்டு கிலோ கருப்பட்டியும், பத்துக்குக் குறையாமல் முற்றிய தேங்காயும் வேண்டும். கருப்பட்டியை உலக்கையால் தட்டி உடைத்து, தேங்காயின் இரண்டாம் பாலில் போட்டுச் சூடாக்கிக் கரைத்தார்கள். கரைந்ததை வெள்ளைத் துணியில் வடிகட்டியபோது துணியின் அடியில் கொஞ்சம் மணலும், பனைநாரின் இழைகளும், சுண்ணாம்பின் வெண்பொடியும் தங்கின. மாமி அந்தத் துணியை என்னிடம் நீட்டி, "இதெல்லாம் இருந்தாத்தான் அது பனையில எறங்குன கருப்பட்டி. ஒண்ணுமே தங்கலன்னா நான் சந்தேகப்படுவேன்" என்றார். கரும்புச் சீனியும் கழிவுப்பாகும் கலந்த கருப்பட்டி சந்தையில் பெருகிவிட்ட இக்காலத்தில், வடிகட்டும் துணியே அவருக்குச் சோதனைக்கூடமாக இருக்கிறது.

வடிகட்டிய பாகில் மாவைக் கட்டியில்லாமல் கரைத்து அடி கனத்த பெரிய வாணலியில் ஊற்றியபோது, அது வெறும் பழுப்புநிறக் கஞ்சியாகத்தான் இருந்தது. அரை மணி நேரத்தில் மாவு வெந்து கெட்டிப்பட்டது. பழகாத கண்ணுக்கு அத்துடன் வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் தொதல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. முதல் பாலைச் சிறிது சிறிதாக ஊற்றி, ஆள் உயரத்தில் பாதியிருக்கும் மரத்துடுப்பால் அடியைச் சுரண்டியபடி கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவர் பதினைந்து நிமிடம் கிண்டினால் கை சோர்ந்துவிடும். துடுப்பு அடுத்தவர் கைக்கு மாறும். மாறும்போதும் அது நிற்கக் கூடாது. "கை நின்னா அடி பிடிக்கும். அடி பிடிச்சா மொத்தச் சட்டியும் போச்சு புள்ள" என்று மாமி சொன்னதை, துடுப்பை என் கையில் கொடுத்த பிறகுதான் முழுமையாக உணர்ந்தேன். அந்தக் கெட்டிக் குழம்பு துடுப்பைப் பிடித்து இழுக்கிறது. அதன் குமிழிகள் வெடித்துக் கையில் தெறிக்கின்றன. விறகுப் புகையும் கருப்பட்டி ஆவியும் ஒன்றாக முகத்தில் அடிக்கின்றன.

இவ்வளவு நேரம் எதற்காகக் கிண்ட வேண்டும் என்பதற்குச் சமையலறைக்குள்ளேயே விடை இருக்கிறது. நீர் ஆவியாகிப் போகப் போகப் பாகின் இனிப்பு செறிவடைகிறது. நீர் குறைந்து இனிப்பு மிகுந்த பண்டத்தில் பூஞ்சையும் நுண்ணுயிர்களும் எளிதில் வளர்வதில்லை. தேங்காய்ப்பாலில் நீரோடு கலந்திருந்த எண்ணெய், நீர் வற்றியதும் பிரிந்து வாணலியின் ஓரங்களில் கசியத் தொடங்குகிறது. அந்த எண்ணெய்தான் பதத்தின் அறிகுறி. ஓரங்களில் எண்ணெய் மினுங்கியதும் ராத்தா வாழையிலைத் துண்டொன்றில் சிறிது எடுத்து வைத்து விரலால் தள்ளினார். அது இலையில் ஒட்டாமல் உருண்டு நகர்ந்தது. "வந்துருச்சு" என்றார். முந்திரியும் ஏலக்காயும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்ந்தன. மிதந்த எண்ணெயைக் கரண்டியால் மொண்டு தனியே வைத்துவிட்டு, எஞ்சியதைத் தட்டுகளில் கொட்டிச் சமப்படுத்தினார்கள். அப்போது லுஹர் என்னும் நண்பகல் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள்.

இந்தத் தட்டுகள் இரவு முழுவதும் ஆற வேண்டும். நாளைதான் துண்டு போடுவார்கள். குளிர்பெட்டி இல்லாமலே வாரக்கணக்கில் கெடாது என்பதுதான் தொதலின் பெருமை. பாய்மரக் கப்பலில் போகிறவர்களுக்கு ஓலைக் கொட்டான்களில் அடைத்துக் கொடுத்த வழக்கத்தை மாமி தம் பாட்டியார் சொல்லக் கேட்டிருக்கிறார். கடலில் பல நாள் கழிக்கும் ஒருவருக்கு வீட்டிலிருந்து எதைக் கொடுத்தனுப்பலாம் என்று யோசித்தால், இதைவிடப் பொருத்தமான பண்டம் என் நினைவுக்கு வரவில்லை.

வெள்ளி, கீழக்கரை, திருப்புல்லாணி, பெரியபட்டினம்

காலையில் பழைய ஜும்ஆப் பள்ளியை வெளியிலிருந்து பார்த்தேன். கல்தூண்களும் போதிகைகளும் கொண்ட அதன் கட்டுமானம், தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு ஒரு பாண்டிநாட்டு மண்டபத்தையே நினைவூட்டும். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வூரில் வாழ்ந்த சீதக்காதி என்னும் செய்கு அப்துல் காதிர் மரைக்காயரோடு இப்பள்ளியின் பெயர் இணைந்திருக்கிறது. அவர் 1710 வரை ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதிக்கு நெருக்கமானவர். கப்பல்கள் வைத்துப் பெருவணிகம் நடத்தியவர். 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்று அவருடைய கொடையைத் தமிழ்நாடு முழுவதும் சொல்கிறோம். அந்தக் கொடைக்குப் பின்னால் இருந்த கடல்வணிகத்தைப் பற்றி நாம் அந்த அளவுக்குப் பேசுவதில்லை. முத்தும் சங்கும் துணியும் அரிசியும் இக்கரையிலிருந்து போயின. இலங்கையிலிருந்து பாக்கும், மலாய்த் தீவுகளின் பக்கமிருந்து வாசனைப் பொருள்களும் வந்தன. டச்சுக்காரர்களும் இவ்வூரில் வணிக நிலையம் வைத்திருந்தார்கள்.

ஆனால் இக்கரையின் கடல்வழி சீதக்காதியின் காலத்துக்கும் மிகவும் முந்தியது. திருப்புல்லாணிப் பெருமாள் கோயிலில் உள்ள பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு ஒன்று, பவித்திரமாணிக்கப்பட்டினத்தில் சோனக (முஸ்லிம்) வணிகர்களுக்குரிய பிழார்ப்பள்ளி என்னும் பள்ளிக்கு நிலம் விடப்பட்டதைச் சொல்கிறது. ஒரு பள்ளிவாசலுக்கான கொடை வைணவக் கோயிலின் சுவரில் வெட்டப்பட்டிருப்பதைப் பார்க்கவே இங்கு ஒருமுறை வரலாம். அந்தப் பட்டினம் இன்றைய பெரியபட்டினம் என்பது அறிஞர்களின் முடிவு. 1980-களில் அங்கு நடந்த ஆய்வுகளில் சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. ஜப்பானிய வரலாற்றாசிரியர் நொபோரு கராஷிமா அவற்றை ஆராய்ந்து, பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டுகளில் சீனத்தோடு இத்துறைமுகத்துக்கு இருந்த தொடர்பை எழுதியிருக்கிறார். மாலையில் நான் போனபோது ஊர் அமைதியாக இருந்தது; கடற்கரையில் பிளாஸ்டிக் படகுகள் நின்றன; பார்க்கத் தனியாக எதுவும் இல்லை. அதிக நேரம் நிற்கவில்லை.

திரும்பும் பேருந்தில் யோசித்துக்கொண்டு வந்ததை இங்கே சற்று விரிவாக எழுத வேண்டும். தொதல் கீழக்கரைக்கு மட்டும் உரியதன்று. ஜாவாத் தீவின் மேற்குப் பகுதியில் உள்ள கரூத் நகரம், அங்கே டோடோல் என்று சொல்லப்படும் இதே பண்டத்துக்குப் பெயர்பெற்றது; அங்கே ஒட்டரிசி மாவும், அரேன் என்னும் பனைவகையின் வெல்லமும் சேர்கின்றன. மலேசியாவில் நோன்புப் பெருநாளை ஒட்டி ஊர்கூடிப் பெரிய கடாரங்களில் கிண்டுகிறார்கள். இலங்கையின் தென்கரையில், மலாய் மக்கள் குடியேறி வாழும் அம்பாந்தோட்டைப் பகுதி கறுப்புத் தொதலுக்குப் புகழ்பெற்றது. அங்கே சேர்ப்பது கித்துள் வெல்லம், அதாவது நாம் கூந்தற்பனை என்று சொல்லும் மரத்திலிருந்து இறக்குவது. கோவாவில் கிறித்தவக் குடும்பங்கள் கிறிஸ்துமஸுக்கு இதைச் செய்கின்றன. அங்கே தென்னையிலிருந்து எடுத்த கறுப்பு வெல்லம். இங்கோ பனங்கருப்பட்டி. 1658-இலிருந்து 1796 வரை டச்சுக்காரர்கள் ஜாவாவின் பத்தேவியாவையும் (இன்றைய ஜகார்த்தா) இலங்கைக் கரையையும் ஒரே ஆட்சியின் கீழ் வைத்திருந்து, மலாய்ப் படைவீரர்களையும் நாடுகடத்தப்பட்டவர்களையும் இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களுக்கு முன்பும் பின்பும் இக்கரையின் முஸ்லிம் கடல்வணிகர்களான மரைக்காயர்களின் மரக்கலங்கள் அதே கடலில் போய்வந்தன. கிண்டும் முறை இந்தக் கடல்வழியில்தான் இங்கு வந்து சேர்ந்தது என்பதே என் முடிவு.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முறை பயணம் செய்தது. வெல்லம் பயணம் செய்யவில்லை. ஒவ்வொரு கரையும் தன் மண்ணில் நின்ற மரத்தின் பதநீரை இறக்கிக் காய்ச்சி அந்த முறைக்குள் ஊற்றியது. துடுப்பும் அரிசியும் தேங்காய்ப்பாலும் எல்லாக் கரைகளுக்கும் பொது. மரம் மட்டுமே வேறு. கீழக்கரைத் தொதலைக் கீழக்கரைத் தொதலாக ஆக்குவது பனை ஒன்றுதான். அதை எடுத்துவிட்டுச் சீனியைப் போட்டால், அந்தத் தட்டு எந்தக் கரையில் இறக்கப்பட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. நேற்று முன்தினம் சீனித் தொதலைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லாமல் போனதற்குக் காரணம் இதுவென்று இப்போது தெரிகிறது.

சனி, சாயல்குடி

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏர்வாடியைக் கடந்து மேற்கே போகப் போக, இருபுறமும் சீமைக்கருவேலமும் அதற்கு மேலே பனைகளுமாக நிலம் மாறுகிறது. சாயல்குடியை அடுத்த பனங்காட்டில் ஒரு குடும்பம் விடிலி, அதாவது கருப்பட்டி காய்ச்சும் குடிசை, போட்டுக் காய்ச்சுகிறது. அங்கு போய்ச் சேர்ந்தபோது அக்குடும்பத்தின் பனையேறி அண்ணாச்சி இரண்டாவது மரத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். இடுப்பில் அரிவாள்பெட்டி, காலில் தளைநார். மார்பில் மரத்தின் செதில் உரசி உரசிக் காய்ப்பேறிய தழும்பு.

பாளையின் நுனியைக் காலையும் மாலையும் மெல்லிசாகச் சீவினால்தான் பதநீர் தொடர்ந்து சொட்டும். கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெயில் ஏறுவதற்குள் புளித்துக் கள்ளாகிவிடும். நேற்று முன்தினம் மாமியின் துணியில் தங்கிய வெண்பொடி இங்கிருந்து போனதுதான். இறக்கிய பதநீரை அகன்ற தாச்சியில் ஊற்றிப் பனைமட்டையும் கருவேல விறகும் எரித்துக் காய்ச்சுகிறார் அண்ணாச்சியின் மனைவி. பொங்கி வரும்போது இடித்த ஆமணக்கு விதையைச் சிறிது போடுகிறார், நுரை அடங்குகிறது. பாகு பதத்துக்கு வந்ததும் தாச்சியை இறக்கி, ஓரத்தில் துடுப்பால் தேய்த்துத் தேய்த்து வெளுக்கச் செய்து, வரிசையாக வைத்த சிரட்டைகளில் ஊற்றுகிறார். ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு முதல் பத்து லிட்டர் பதநீர் வேண்டும். அப்படியென்றால் கீழக்கரையில் ஒரு கிலோ மாவில் கிண்டும் தொதலுக்குள் பதினாறு முதல் இருபது லிட்டர் பதநீர் போகிறது. அதன் ஒவ்வொரு கலயத்துக்காகவும் ஒரு மனிதர் மரமேறி இறங்கியிருக்கிறார்.

அவருடைய பிள்ளைகள் ஏறுவதில்லை. ஒருவர் திருப்பூரிலும் ஒருவர் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். "வருசத்துல அஞ்சாறு மாசம்தான் வேலை. கால் வழுக்குனா ஆயுசுக்கும் வேலை இல்ல. நானே அவனுகள ஏற விடல" என்றார் அண்ணாச்சி. இதைக் கேட்டுவிட்டுப் பாரம்பரியம் அழிகிறதே என்று அவரிடம் வருந்துவது அநியாயம். உயிரைப் பணயம் வைத்து இறக்கும் ஒன்றை, ஆலைச் சீனியோடு விலை ஒப்பிட்டு வாங்கும் நாம்தான் அவருடைய பிள்ளைகளை மரத்திலிருந்து இறக்கியவர்கள்.

பனை தமிழ்நாட்டின் மாநில மரம். 2021-இல் வெளியான முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று அறிவிக்கப்பட்டது. பனைவிதைகளும் கன்றுகளும் வழங்கும் திட்டமும் வந்தது. செங்கல் சூளைகளுக்கு விறகாகப் போய்க்கொண்டிருந்த மரத்துக்கு அது தேவையான காவல்தான். ஆயினும் இன்று ஊன்றிய விதை பாளைவிட 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். அப்போது ஏறுவதற்கு ஆள் இருக்க வேண்டும் என்றால், இன்றைய கருப்பட்டிக்கு இன்று நல்ல விலை கிடைக்க வேண்டும். தேங்காய்ச் சிரட்டையில் வார்த்த நான்கு கிலோ வாங்கினேன். அவர் சொன்ன விலையையே கொடுத்தேன்.

ஞாயிறு, தனுஷ்கோடி

பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கியது 1914 பிப்ரவரியில். அதன் பிறகு சென்னையில் ஏறுபவர் தனுஷ்கோடித் துறையில் இறங்கி, நீராவிக் கப்பலில் தலைமன்னார் சேர்ந்து, அங்கிருந்து கொழும்புக்கு மீண்டும் ரயில் பிடிக்கலாம். கீழக்கரைக்காரர்களின் கடைகள் கொழும்பிலும் காலியிலும் நிறைந்திருந்த காலம் அது. மாமியின் வாப்பா ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம் தகரப் பெட்டியில் தொதல் வைத்துக்கொண்டுதான் இத்துறையில் ஏறியிருக்கிறார். வரும்போது அங்கிருந்து தேயிலையும் வாசனைச் சோப்பும் வருமாம். 1964 டிசம்பர் 22 நள்ளிரவையொட்டி வீசிய புயலில் ஊரும் துறையும் ரயில்பாதையும் போயின. இடிந்த தேவாலயச் சுவரும், ரயில்நிலையத்தின் எஞ்சிய கற்களும் இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் இடங்கள். வெயில் தாங்க முடியாமல், மணல்முனையின் கோடியான அரிச்சல்முனையில் சிறிது நேரமே நின்றேன்.

இப்போது தொதல் மதுரையிலிருந்தும் சென்னையிலிருந்தும் விமானத்தில் போகிறது. வெளிநாட்டிலிருந்து வரும் தேவை குறையவில்லை. கூடியிருக்கிறது என்கிறார் ராத்தா. குறைந்திருப்பது நல்ல கருப்பட்டிதான். அதனால்தான் நேற்று வாங்கிய நான்கு கிலோவையும் மாலையில் அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு கட்டியை உடைத்து முகர்ந்து பார்த்துவிட்டு, எந்த விடிலி என்று கேட்டு, அண்ணாச்சிக்குப் போன் செய்து அடுத்த வாரத்துக்கு இருபது கிலோ சொல்லிவைத்தார்.

வாங்க நினைப்பவர்களுக்காக அவர் சொன்னதை எழுதிவிடுகிறேன். கருப்பட்டித் தொதல் கன்னங்கரேலென்று இருக்காது. வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்தில் செம்பழுப்பு தெரிய வேண்டும். வெட்டிய பக்கம் எண்ணெய் மினுங்க வேண்டும். ஆனால் காகிதத்தை நனைக்கக் கூடாது. விரலால் அழுத்தினால் குழி மெல்ல மேலெழும்ப வேண்டும். மாவாக உதிர்ந்தால் சீக்கிரமே இறக்கிவிட்டார்கள் என்று பொருள். சீனியா கருப்பட்டியா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். வீட்டில் கிண்டுபவர்களிடம் சொல்லிவைப்பதாக இருந்தால் ஆடிக்கு முன் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு புதுக் கருப்பட்டி வராது, போன பருவத்து இருப்பில்தான் செய்தாக வேண்டும். எனக்கு வேண்டிய இரண்டு கிலோவை வைகாசிக் கடைசிக்கு ராத்தாவிடம் சொல்லிவிட்டு, ராமநாதபுரத்துக்குக் கடைசிப் பேருந்தைப் பிடித்தேன்.